மூன்று போர்வை, பதினாறு நாள்: ஒட்டாவாவில் ஒரு குளிர்கால விடுமுறைக் கணக்கு

டிசம்பர் 20 ராத்திரி, பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்றைக்கு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்று பைகளை இறக்கினேன். ஒவ்வொரு பையிலும் ஒரு குயில்ட், மூன்றுமே "கிட்டத்தட்ட முடிந்தவை". இந்தக் கிட்டத்தட்டவை வைத்துக்கொண்டு ஒன்றை ஆறு வருஷம், இன்னொன்றை மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஒரு தாளை எடுத்து எழுதினேன்: மூன்றுக்கும் சேர்த்து 15 மணி நேரம். ஜனவரி 5 வரை 16 நாள் இருக்கிறது, தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்தது, மிச்ச நேரம் படம் பார்க்கலாம்.

பிடித்தது நாற்பத்தொன்றரை மணி நேரம். அந்தத் தாளின் மறுபக்கத்தில் தினமும் எவ்வளவு நேரம் எதற்குப் போனது என்று குறித்துக்கொண்டே வந்தேன், அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுத முடிகிறது. இருபத்தாறரை மணி நேரம் எப்படித் தப்பிப்போனது என்பதுதான் எனக்கே புரிய வேண்டியிருந்தது.

குயில்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி, இந்த மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைப்பதுதான் குயில்டிங். அப்புறம் நாலு பக்கமும் ஓரப்பட்டை. மேல்துணி தைப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை, நிறம் பொருத்துவது, கட்டம் சேர்ப்பது, போட்டோ எடுத்து அனுப்புவது எல்லாம் அந்தக் கட்டத்தோடு சரி. அது முடிந்ததும் போர்வையே முடிந்துவிட்ட மாதிரி மனசுக்குத் தோன்றிவிடும். இங்கே தைக்கிறவர்கள் பாதியில் நிற்பவற்றை யூஎஃப்ஓ, அதாவது அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட் (முடியாத பொருள்), என்று கேலியாகச் சொல்வார்கள். பறக்கும் தட்டு இல்லை, பறக்காமல் அலமாரியிலேயே கிடப்பது.

வெளியில் கொடுத்து முடிக்கலாமே என்று கேட்கலாம். லாங்ஆர்ம் என்று பெரிய மெஷின் வைத்திருப்பவர்களிடம் கொடுத்தால் குயில்டிங் செய்து தருவார்கள், கூலி சதுர அங்குலக் கணக்கு. 60க்கு 72 அங்குலப் போர்வை என்றால் 4,320 சதுர அங்குலம், அங்குலத்துக்கு 3 காசு என்று வைத்தாலே 130 டாலர் பக்கம் வந்துவிடும், ஓரப்பட்டை தனி. காசை விடுங்கள், கிறிஸ்துமஸுக்கு முன் வேண்டுமென்றால் இலையுதிர் காலத்திலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் டிசம்பரில் போன் போட்டுக் கேட்டதற்கு "பிப்ரவரிக்கு மேல பார்க்கலாம்" என்று பதில் வந்தது. சரி, வீட்டிலேயே.

நீலப் போர்வை

முதல் பை, மான்ட்ரியலில் இருக்கும் நாத்தனாருக்கு. மேல்துணி முடிந்து ஆறு வருஷம். ஏன் நின்றது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, பின்துணியை விரித்ததும் ஞாபகம் வந்தது. அகலம் 62 அங்குலம். மேல்துணி 60. அதாவது ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம்தான் மிச்சம், அது போதவே போதாது, ஏனென்றால் தைக்கத் தைக்க மூன்று அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பக்கத்துக்கு மூன்று நாலு அங்குலமாவது கூடுதல் இருந்தால்தான் கடைசியில் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. அன்றைக்கு என்ன செய்திருக்கிறேன்? இதே நிறத்தில் இன்னொரு துண்டு வாங்கிச் சேர்க்கலாம் என்று மடித்து வைத்திருக்கிறேன். அந்தத் துணி அதற்கப்புறம் கடையில் வரவேயில்லை.

இந்த முறை வந்தது வரட்டும் என்று பின்துணியை நெட்டுவாக்கில், சரியாக நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி, வெட்டிவிட்டேன். மேல்துணியில் மிஞ்சிய கட்டங்களைக் கோத்து 9 அங்குலப் பட்டை ஒன்று தைத்து நடுவில் நுழைத்தேன். அரை அங்குலத் தையல் விட்டு இரண்டு பக்கமும் சேர்த்தால் இரண்டு அங்குலம் தையலுக்குப் போய் 69 அங்குலம் கிடைத்தது. இரண்டு மணி நேர வேலை. ஆறு வருஷம் காத்திருந்தது இந்த இரண்டு மணி நேரத்துக்காக.

பின்பக்கம் ஒரே துணியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்கிற ஊரில், கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துக் குளிருக்குத் தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. அவர்கள் முன்பக்கத்துக்கே கிடைத்த துணியை வைத்துத்தான் தைத்தார்கள். நான் என்னடாவென்றால் படுக்கையோடு ஒட்டிக்கிடக்கும் பின்பக்கத்துக்குப் பொருத்தமான நீலம் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மூன்று அடுக்கையும் ஒன்றாக நிறுத்துவது. வரவேற்பறையில் சோபாவை ஓரம் தள்ளி, தரையில் பின்துணியை விரித்து, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டினேன். சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், ஆனால் இழுபட்டும் இருக்கக் கூடாது. ரொம்ப இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி பழையபடி சுருங்கி, மேல்துணி பூரி மாதிரி உப்பும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி, அப்புறம் நடுவிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. கை வைத்துப் பார்த்தால் கைக்கு அடியில் எங்கேயாவது ஒரு ஊக்கு தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. இரண்டரை மணி நேரம் முட்டி போட்டு. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் குத்திக்கொண்டே வந்தார், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் இடைவெளியில்.

தைத்தது நேர்கோடாகத்தான், மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு, வாக்கிங் ஃபுட் மாட்டி. ஃபுட் என்பது ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், இது மேலேயும் பல் வைத்தது, மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். வீட்டு மெஷினில் ஊசிக்கும் அதன் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு சாண் கூட இல்லை, அதற்குள் பாதிப் போர்வையைச் சுருட்டித் திணிக்க வேண்டும். முதல் நாலு கோடு அலை அலையாக வந்தது. மெஷினைத் திட்டினேன், நூல் டென்ஷனைத் திருகினேன், ஊசி மாற்றினேன். கடைசியில் பார்த்தால் போர்வையின் கனம் மேஜையிலிருந்து தொங்கித் துணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இடதுபுறம் இஸ்திரி மேஜையை அதே உயரத்துக்கு வைத்துப் போர்வையை அதன் மேல் ஏற்றினேன், கோடு நேராகிவிட்டது. ஏழு மணி நேரம், இரண்டு நாளாக.

ஓரப்பட்டைக்கு மட்டும் கணக்கு தப்பவில்லை. 60க்கு 72 என்பதால் நாலு பக்கமும் கூட்டினால் 264 அங்குலம், மூலைக்கும் சேர்க்கைக்கும் 12 கூட்டி 276. துணியின் அகலத்தில் 40 அங்குலம் பயன்படும் என்று வைத்தால் ஏழு பட்டை, பட்டை அகலம் இரண்டரை, ஆக பதினேழரை அங்குலத் துணி, அரை கெஜத்தில் அடங்கிவிடும்.

மூலை திருப்புவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். பட்டையை இரண்டாக மடித்து, மேல்பக்க ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே வந்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி நூலை வெட்டிவிட வேண்டும். ஓரம் வரை ஓட்டக் கூடாது, அங்கேதான் கெடும். பட்டையைச் செங்குத்தாக மேலே தூக்கினால் மூலையில் ஒரு சாய்வு மடிப்பு விழும், அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டையை அப்படியே கீழே மடக்க வேண்டும், மடிப்பின் மேல்விளிம்பு போர்வையின் மேல்விளிம்போடு ஒட்டி நிற்கும். அங்கிருந்து அடுத்த பக்கம். பின்பக்கம் திருப்பினால் மூலை தானாகக் கவர் மடித்த மாதிரி உட்காரும். முதல் மூலையை மூன்று தடவை பிரித்தேன், நாலாவது மூலை போகிற போக்கில் வந்தது.

அப்புறம் பின்பக்கம் கையால் ஹெம்மிங். இங்கே குளிர்காலம் தன் வேலையைக் காட்டியது. ஒட்டாவாவில் டிசம்பர் கடைசியில் நாலரைக்குள் இருட்டிவிடும், கருநீலப் பட்டையில் கருநீல நூல், விளக்கு வெளிச்சத்தில் தையல் எங்கே போட்டோம் என்றே தெரியாது. ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டு விரல் நுனி வெடித்து, ஒவ்வொரு முறை நூலை இழுக்கும்போதும் அந்த வெடிப்பில் நூல் மாட்டும். ராத்திரி வாஸ்லின் தடவிக்கொண்டு படுப்பேன், காலையில் துடைத்துவிட்டுத் தைப்பேன். ஒரு தடவை ஊசி குத்தி வெள்ளைக் கட்டத்தில் ஒரு சொட்டு ரத்தம். நம் ரத்தத்துக்கு நம் எச்சில்தான் மருந்து என்று இங்கே தைக்கிறவர்கள் சொல்வார்கள். அசிங்கம்தான், ஆனால் உடனே வெள்ளை நூலை வாயில் போட்டு நனைத்து ஒற்றியெடுத்தேன், போய்விட்டது. மணிக்கு 40 அங்குலம் என்ற வேகத்தில் ஆறரை மணி நேரம். மெஷினில் பட்டை வைக்க ஆன ஒன்றரையையும் கூட்டினால் நீலத்துக்கு மட்டும் பத்தொன்பதரை. நான் மூன்றுக்கும் சேர்த்துப் போட்டது 15.

குழந்தைப் போர்வை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே வெட்கம். சிநேகிதியின் குழந்தைக்கு என்று ஆரம்பித்தது, குழந்தை இப்போது சறுக்குமரம் ஏறுகிறது. 36க்கு 45 அங்குலம், பாதி தைத்த நிலையில் பின்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழுந்து நின்றுபோனது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 20 ஊக்கு. உள்ளங்கைக்கு ஒன்று என்றால் 90, 100 வேண்டும். போதாததற்கு அதைக் கார்பெட்டின் மேல் விரித்துக் குத்தியிருந்தேன், டேப் ஒட்டாத இடத்தில் பின்துணி எப்படி நிற்கும்?

போட்ட தையலை ரிப்பரால் பிரிக்க நாலு மணி நேரம். திரும்ப ஊக்கு குத்த ஒன்று, தைக்க மூன்று, பட்டையை இரண்டு பக்கமும் மெஷினிலேயே ஓட்ட இரண்டு. பத்து. இதைப் பிரிக்காமல், நாலு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு நிறுத்தியிருக்கலாமோ என்று நாலாவது மணி நேரத்தில் தோன்றியது. தடித்த நூலைக் குத்தி வாங்கி இரட்டை முடிச்சு, அவ்வளவுதான், இந்த ஊரில் பழைய போர்வைகள் பலவும் அப்படி முடிச்சில் நிற்பவைதான். அவசரத்துக்கு அதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும், பஞ்சுப் பொட்டலத்தின் மேல் எத்தனை அங்குல இடைவெளி தாங்கும் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாலு சலவையில் பஞ்சு திரண்டுவிடும்.

சுங்குடி

மூன்றாவது எனக்கே எனக்கு. அம்மா கட்டி நைந்த மதுரைச் சுங்குடிச் சேலைகள் நாலும், அதிகம் கட்டாத சிவப்பு ஒன்றும். 54க்கு 54, சந்தனநிறக் கட்டங்களுக்கு நடுவே சேலைக் கட்டங்கள். பழைய சேலை என்றால் அது பட்டுப்போல மெத்தென்று இருக்கும், மெஷினுக்கு அடியில் வழுக்கும், ஆனாலும் குயில்டிங் பிரச்சினையில்லாமல் நடந்தது. ஊக்கு ஒன்றரை, தையல் நாலு, பட்டை ஒன்று, ஹெம்மிங் ஐந்தரை. பன்னிரண்டு மணி நேரம். டிசம்பர் 31 மதியம் கடைசி முடிச்சு போட்டுவிட்டு, புதுவருஷத்துக்குப் போர்த்திக்கொள்ளலாம் என்று அப்படியே வாஷிங் மெஷினில் போட்டேன்.

மூன்று கட்டத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. சந்தனநிறத்தில் பீட்ரூட் பொரியல் கொட்டின மாதிரி.

மற்ற நாலு சேலையும் அம்மா வருஷக்கணக்காகத் துவைத்தவை, விட வேண்டிய சாயத்தையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டவை. சிவப்பு தண்ணீரையே அதிகம் பார்த்திருக்காது. அதை வெட்டும் முன் தனியாக அலசியிருக்க வேண்டும், அலசவில்லை. வீடியோ காலில் காட்டினேன்.

"முதத் தண்ணிய தனியா அலசுடின்னு சொன்னேன்ல. உப்புப் போட்டு ஊற வச்சியா?"

"இல்லம்மா."

"பின்ன?"

உப்பு விஷயத்தில் அம்மாவோடு நான் வாதம் பண்ணவில்லை, ஆனால் உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. சாயம் போடும் தொட்டியில் நிறம் நூலில் ஏற உப்பு உதவும், ஏறி முடிந்த பிறகு வீட்டு வாளியில் போடும் உப்புக்கு அந்த வேலை தெரியாது. முதல் தண்ணீரைத் தனியாக அலசுவதுதான் அதில் உருப்படியான பாதி, நான் விட்டதும் அந்தப் பாதியைத்தான்.

செய்த ஒரு நல்ல காரியம், டிரையரில் போடவில்லை. சூடு பட்டால் இறங்கின சாயம் அங்கேயே தங்கிவிடும். குளியல் தொட்டியில் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றிக் கலக்கி, போர்வை மடங்காமல் முழுக்க மிதக்கும்படி விட்டேன். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும், அப்போதுதான் கழன்ற சாயம் திரும்பத் துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்கும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தொட்டி ரோஸ்மில்க். வடித்துவிட்டுத் திரும்ப. இரண்டாவது தண்ணீர் லேசான ரோஸ். மூன்றாவது தெளிவு. நடுவில் வீட்டில் யாரும் குளிக்க முடியவில்லை, புதுவருஷத்தன்று காலையில் என் மகள் அடுத்த வீட்டுக்குத் துண்டோடு போனாள். இரண்டு கட்டம் சுத்தமாகிவிட்டது, ஒன்றில் மட்டும் மங்கலான ரோஸ் நின்றுவிட்டது. இந்த ஊறவைத்த நேரத்தை நாற்பத்தொன்றரையில் சேர்க்கவில்லை.

மைனஸ் 22

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜனவரி 3 ராத்திரி நீலப் போர்வையை மடித்து, ரிப்பன் கட்டி, காலையில் மறக்கக் கூடாதென்று கார் டிக்கியில் வைத்தேன். அன்றிரவு மைனஸ் 22. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி மான்ட்ரியல் போய், நாத்தனார் வீட்டுக் கூடத்தில் ரிப்பனை அவிழ்த்து விரித்தால், வெளிர்நீலக் கட்டங்கள் முழுக்க மூன்று அங்குலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. பரீட்சைப் பேப்பர் திருத்தின மாதிரி.

நேர்கோடு போட நான் பயன்படுத்தியது சூட்டில் மறையும் பேனா. இஸ்திரி போட்டால் கோடு மாயமாகிவிடும், வசதி. ஆனால் அந்த மை அழிவதில்லை, 60 டிகிரிக்கு மேல் நிறம் இழந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும், உறைநிலைக்குக் கீழே மைனஸ் 10, 20 என்று போனால் நிறம் திரும்பி வரும். மதுரையில் இருந்தால் ஆயுசுக்கும் தெரிய வந்திருக்காது. இங்கே டிக்கியில் ஒரு ராத்திரி போதும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டு, இஸ்திரி போட்டு, ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தாலே போதும், எந்த வீட்டு ஃப்ரீசரும் மைனஸ் 18. நீலநிறத்தில் இன்னொரு பேனா உண்டு, தண்ணீரில் கரைவது, அதற்கு விதி நேர் எதிர்: கழுவும் முன் இஸ்திரி பட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிரித்து வையுங்கள். எனக்கு இனிமேல் சாக்பீஸ்தான்.

நாத்தனார் சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நான் ஒரு பக்கம் தேய்க்க, கோடு ஒவ்வொன்றாக மறைவதைக் குழந்தைகள் மந்திரம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். துவைத்தால் மை பெரும்பாலும் போய்விடும், அதுவரை பால்கனியில் காயப்போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாளைத் திரும்பப் பார்த்தேன். கூடிப்போன இருபத்தாறரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட பாதி கைத்தையல், அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, "ஓரம் மடிக்கணும்" என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறேன். நாலு மணி நேரம் 80 ஊக்கைக் குத்தாமல் விட்டதற்கான வட்டி. நேரம் இல்லாமல் நின்றதாகத்தான் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன், மூன்று பையிலும் அப்படி எதுவும் இல்லை. நீலம் நின்றது நிறம் பொருந்தாத ஒரு பட்டைக்காக, குழந்தைப் போர்வை நின்றது தப்பைப் பிரிக்க மனசு வராமல், சுங்குடியைத் தள்ளிப்போட்டது அம்மா சேலையில் ஊசி போட்டுக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில். இந்த மூன்றுக்கும் லீவு தேவையே இல்லை, சோபாவைத் தள்ள இடமும் ஒரு ராத்திரி யோசனையும் போதும். ஆனால் லீவு இல்லாமல் நான் அந்தப் பையைத் திறந்திருக்க மாட்டேன் என்பதும் நிஜம்.

அடுத்த வாரம் மான்ட்ரியலில் இருந்து போன். "அண்ணி, துவைச்சுட்டேன், கோடு போயிருச்சு. ஆனா பின்னாடி உங்க பேரு, தேதி எதுவும் தைக்கலையே? எல்லாரும் லேபிள் வைப்பாங்களாமே?"

லேபிள். மூன்றிலும் வைக்கவில்லை.